ஒழுங்கையில் தொடங்கும் ஆய்வு: மட்டக்களப்பு, கல்முனை நகரங்களின் சுகாதார நீதிக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழை மட்டக்களப்பு நகரம் முழுவதுக்கும் ஒரேயளவாகத்தான் பெய்கிறது. வடிகான் கட்டிய வீதியில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். வாவிக்கரைப் பள்ளத்து ஒழுங்கையில் அதே தண்ணீர் நாட்கணக்கில் நிற்கும். மலசலகூடக் குழி நிரம்பும், கிணறு கலங்கும், வெள்ளம் வற்றிய கையோடு வயிற்றோட்டமும் டெங்கும் தொடங்கும். இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள், வருத்தம் வந்தால் ஒரே போதனா வைத்தியசாலைக்குத்தான் போகிறார்கள். அடிக்கடி படுக்கையில் விழுவது மட்டும் பள்ளத்து ஒழுங்கைப் பிள்ளை. உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2008 இல் இதையே சொன்னது: மனிதர் பிறந்து, வளர்ந்து, வாழ்ந்து, வேலைசெய்யும் சூழலே நோயைப் பெருமளவு பங்குபோடுகிறது, தவிர்க்கக்கூடிய வேறுபாட்டைத் தவிர்க்காமல் விடுவது அநீதி.

அந்த அநீதி எங்கே, எப்படி நடக்கிறது என்று காட்ட இரண்டு தரப்பு வேண்டும். எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்த வீட்டுக் கிணறு மாசியில் உவர்க்கிறது, குப்பை வண்டி எந்தத் திருப்பத்தோடு திரும்பிப் போகிறது என்பதெல்லாம் அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அதை அளந்து, ஒப்பிட்டு, அதிகாரிகள் தள்ளிவிட முடியாத வடிவத்தில் வைக்க ஆய்வாளருக்குத் தெரியும். மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், இளைஞர் கழகம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கும், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்கள், படிப்பிப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் நிலைப்பாடு ஒன்றுதான்: கேள்வி ஒழுங்கையில் பிறக்கவேண்டும், பதில் முதலில் ஒழுங்கைக்கே திரும்பி வரவேண்டும். அதற்கு உடன்படாத ஆய்வுக்கு உங்கள் கடப்பைத் திறக்கவேண்டியதில்லை.

படி 1: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையின் அரச புள்ளிவிபரத்தில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவை மட்டுமே நகரம். அதன்படி மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர், அம்பாறை நகரங்கள். பிரதேச சபைக்குக் கீழ் வரும் காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, ஆரையம்பதி, வாழைச்சேனை எல்லாம் கிராமம். கல்முனையிலிருந்து பிரதான வீதியில் சாய்ந்தமருது, காரைதீவு என்று வந்து பாருங்கள். எங்கே நகரம் முடிகிறது என்று வீடுகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நகர நெரிசல் இருக்கிறது, கணக்கில் கிராமம். ஆகவே "மாவட்டத்து நகர்ப்புறம்" என்று வரும் எந்த இலக்கத்தையும் அப்படியே எடுக்காதீர்கள்.

சராசரியும் இதே வேலையைத்தான் செய்யும். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் பிரதான வீதியோரத்து மாடிவீடும் இருக்கும், வாவிக்கரைத் தகரக் கொட்டிலும் இருக்கும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டுமே மறைந்துவிடும். ஒரு பிரிவுக்குள் இரண்டு மூன்று ஒழுங்கைகளை எடுங்கள்: மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. மொத்தம் 60 முதல் 100 வீடு போதும். அதற்கு மேல் போனால் ஒரு சிறிய குழுவின் கைகள் களைத்துவிடும்.

படி 2: கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடுங்கள்

சங்கத் தலைவரைக் கண்டு பேசிவிட்டால் ஊரோடு பேசியாயிற்று என்று நினைப்பது வெளியிலிருந்து வருபவர்களின் வழக்கம். சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள், ஒழுங்கையின் முன்பக்கத்தில் இருப்பவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வரமாட்டார்கள். மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். நகரத்தின் கழிவை நாள்தோறும் கையாளும் அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. தாய் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவோ உம்மும்மாவோ வெளியே வர நேரமிருக்காது. இரவில் கடலுக்குப் போய் விடியலில் வருபவர் பகல் பத்து மணிக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு அமையுங்கள். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். அதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குக் கரையில் தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. வீட்டைப் பற்றிய முடிவு அவளுடையது. வீட்டைப் பற்றிய சம்மதமும் அவளிடமிருந்தே வரவேண்டும். கணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிணற்றை அளக்கப் போகாதீர்கள்.

தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் தொடும் இடத்தில் வேலைசெய்வதானால் எல்லையின் இரண்டு பக்கத்து வீடுகளையும் எடுங்கள், இரண்டு பக்கத்தவரையும் குழுவில் வையுங்கள். ஓர் ஊரின் வடிகான் அடுத்த ஊருக்குள் இறங்கும் இடங்கள் இந்தக் கரையில் பல. ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் உங்கள் வரைபடம் நாளைக்கு மற்றப் பக்கத்தைக் குற்றம் சொல்லும் காகிதமாகிவிடும். இதில் சமரசம் வேண்டாம்.

படி 3: கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரையோர நாவலடி, டச்பார், கல்லடி மக்கள் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து இடம்பெயர்ந்து திராய்மடுவில் குடியேறியவர்களிடம் குடியேறிய பிறகும் கேட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு வரிசை வந்தது. அதனால் வாசலில் நிற்கும் மாணவியிடம் ஒரு மூதாட்டி இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்வி:

"பதியிறதுக்கு வந்தீங்களா மகள்? முந்திப் பதிஞ்சது என்னாச்சு?"

"அது எனக்குத் தெரியாது அம்மம்மா. இது பதியிறது இல்ல. என்னத்தப் பாக்கணும், என்னத்த அளக்கணும் எண்டு நீங்கதான் சொல்லணும். அளந்து முடிஞ்சா முதல்ல உங்களுக்குத்தான் காட்டுவம்."

இப்படிச் சொன்னால் மட்டும் போதாது, எழுத்தில் இருக்கவேண்டும். இரண்டு பக்கத்துக்கு மிஞ்சாத உடன்படிக்கை, தமிழில், கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, இரண்டு தரப்பும் ஒப்பமிட்டது. கேள்வியை யார் தீர்மானிப்பது, தகவல் எங்கே இருக்கும், யார் திறந்து பார்க்கலாம், பெயர்கள் எப்படி மறைக்கப்படும் என்பவை முதலில் வரட்டும். முடிவுகள் வெளியே போவதற்கு எத்தனை நாள் முன்னதாக ஒழுங்கைக்குக் காட்டப்படும் என்று திகதியாக எழுதுங்கள். ஒரு மாதம் நியாயமான காலம். படம் எடுத்தால் யாருடைய முகம் வரலாம், யாருடையது கூடாது என்பதும் வேண்டும். நடுவில் விலகிக்கொள்ளும் உரிமையும், விலகியவரின் தகவல் அழிக்கப்படும் என்ற உறுதியும் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. கூட்டத்தில் அதையும் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். வெளிக்களத்துக்கு வரும் மாணவருக்குப் படி கொடுத்தால், அதே வேலையைச் செய்யும் ஒழுங்கைப் பெண்ணுக்கும் அதே படி. "சமூக சேவைதானே" என்று சொல்லி ஒரு தரப்பின் நேரத்தை இலவசமாக எடுப்பதுதான் இந்தக் கூட்டு வேலைகளில் நான் காணும் மிகப் பெரிய அநியாயம். கூலிவேலைக்குப் போகாமல் ஒரு நாள் உங்களோடு நடக்கும் பெண்ணுக்கு அந்த நாளின் அரிசி நட்டம். நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தச் செலவைச் சேருங்கள்; பிறகு சேர்க்க எந்த நிதி நிறுவனமும் விடாது.

படி 4: அனுமதிகள்

பல்கலைக்கழகம் சேர்ந்திருந்தால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அங்கீகாரம் கட்டாயம். அது கிடைக்கும்வரை ஒரு வீட்டிலும் தகவல் எடுக்கக்கூடாது. ஆனால் கூடிப் பேசலாம், ஒழுங்கையில் நடக்கலாம், கேள்வியைத் தேடலாம். விண்ணப்பத்தில் ஊர்க்குழுவையும் கூட்டு ஆய்வாளர்களாகக் குறிப்பிடுங்கள். சுகாதாரப் பதிவுகளைப் பார்க்கப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஒரு பணிமனை. அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்குக் கல்முனைப் பணிமனை தனியாக இருக்கிறது. பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கடிதம் கொடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் முதல் நாளே நேரில் கண்டு பேசுங்கள். தங்கள் வேலையில் குற்றம் பிடிக்க வருகிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டால் பல கதவுகள் மூடும். அவர்களும் ஆளணி போதாமல் பெரிய பரப்பைத் தாங்கி நிற்பவர்கள். உங்கள் வரைபடம் அவர்களுக்கும் ஆயுதம்.

படி 5: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் போனாலும் போகட்டும்.

குழுவோடு ஒழுங்கையில் நடவுங்கள். மூன்று வேளைகளில் நடப்பது நல்லது: விடியலில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், மழை பெய்து ஓய்ந்த உடனே. ஒவ்வொரு நடையிலும் வேறு ஊர் தெரியும். நிற்கும் இடமெல்லாம் "இங்க என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். "உங்களுக்கு வயிற்றோட்டம் வருமா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "மார்கழியில இந்தக் கிணறு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள்.

பேச்சில் வருவதெல்லாம் ஆய்வுக் கேள்வி ஆகாது. இரண்டு சோதனை வையுங்கள். முதலாவது, விடை தெரிந்தால் யாராவது ஒருவர் வேறு விதமாக நடக்கவேண்டிவருமா? இரண்டாவது, அதை உங்கள் கையில் உள்ள ஆட்களால் அளக்க முடியுமா? "எங்கட பக்கம் ஏன் டெங்கு கூட?" என்பது நியாயமான ஆதங்கம், ஆனால் அளக்கமுடியாத அளவுக்கு அகலம். "குப்பை வண்டி கிழமைக்கு எத்தனை முறை எந்த ஒழுங்கைக்குள் வருகிறது, வராத ஒழுங்கையில் தண்ணீர் தேங்கும் பாத்திரங்கள் எத்தனை?" என்று கேட்டால் ஆறு கிழமையில் பதில் வரும், அந்தப் பதிலுக்கு முகம் கொடுக்கவேண்டியவர் யார் என்பதும் தெரியும்.

இன்னொரு உதாரணம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு நீரிழிவு, பிறஷர் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் வைத்தியசாலைகளிலும் இயங்குகின்றன. பரிசோதனை இலவசம். "ஆண்கள் அக்கறையில்லாதவர்கள், வருவதில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. மீன்பிடிக்காரரும் மேசனும் ஓட்டோக்காரரும் எந்த நேரத்தில் ஓய்வாக இருக்கிறார்கள், அந்த நேரத்தில் நிலையம் திறந்திருக்கிறதா என்று ஒரு கிழமை நேர அட்டவணை போட்டுப் பார்த்தால், அக்கறையைப் பற்றிய பேச்சு மணிக்கூட்டைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். மணிக்கூட்டை மாற்றலாம்.

படி 6: ஏற்கெனவே எழுதியிருப்பதைப் பாருங்கள்

டெங்கு உட்பட அறிவிக்கவேண்டிய நோய் ஒன்றைச் சந்தேகித்த உடனேயே வைத்தியர் எச் 544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பது அதன் பிறகு. ஆகவே எந்த மாதம், எந்தப் பிரிவில், எத்தனை என்ற தொகை பணிமனையில் இருக்கும். பெயர் கேட்காதீர்கள், தொகையை மட்டும் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: தனியார் மருந்தகத்தில் காய்ச்சல் குளிசை வாங்கிப் படுத்தவர்கள் அந்தத் தொகையில் இல்லை. வைத்தியசாலைக்குப் போக வசதி குறைந்த ஒழுங்கை, பதிவில் ஆரோக்கியமான ஒழுங்கையாகத் தெரியும்.

கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. குப்பை வண்டியின் பாதை அட்டவணை, வடிகான் துப்புரவுக்குச் செலவழித்த தொகை, குழாய் நீர் இணைப்புப் பெறாத வீடுகளின் எண்ணிக்கை போன்றவற்றைக் கேட்க இது நல்ல வழி. முதலில் நேரில் கேட்டுப் பாருங்கள். பல அதிகாரிகள் தேநீர் தந்து தகவலும் தருவார்கள்.

படி 7: அளவுங்கள்

கிணற்றைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குக் குழாயில் வருகிறது. ஆனாலும் இணைப்பு இல்லாத வீடுகளும், இணைப்பு இருந்தும் குளிக்க, கழுவ, சில வேளை குடிக்கவும் கிணற்றையே நம்பும் வீடுகளும் நிறைய. இந்தக் கரை முழுவதும் மணல். நிலத்தடி நீர் ஆழமில்லை, மாரியில் முற்றத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். மலசலகூடக் குழியிலிருந்து வடிவது மணலுக்குள் தங்குதடையின்றி நகரும்.

1854 இல் லண்டனின் புரோட் வீதியில் கொலரா 600 க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. தண்ணீரில்தான் நோய் என்று சொன்னவர் ஜோன் சினோ என்ற வைத்தியர். ஆனால் அந்தக் கிணறு எப்படிக் கெட்டது என்பதைக் கண்டுபிடித்தவர் வைத்தியர் அல்ல, அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைற்ஹெட். சினோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. பொய்யென்று காட்டத்தான் தனக்குப் பழக்கமான வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். கிணற்றுக்கு அருகிலிருந்த வீட்டில் ஒரு குழந்தை முதலில் நோயில் விழுந்ததையும், அதன் துணி கழுவிய தண்ணீர் வீட்டுக் கழிவுக்குழிக்குள் போனதையும் அவர்தான் வெளிக்கொண்டுவந்தார். தோண்டிப் பார்த்தபோது குழிக்கும் கிணற்றுக்கும் மூன்றடிகூட இடைவெளி இல்லை. வீடுகளுக்குள் போய் அமரக்கூடிய மனிதர் இல்லாமல் அந்த ஆய்வு முடிந்திருக்காது.

நம் பக்கத்தில் கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி, அதாவது 15 மீற்றர் இடைவெளி வேண்டும் என்று சொல்லப்படுகிறது. படிவங்களில் ஒரு வீட்டின் கிணற்றையும் அதே வீட்டின் குழியையும்தான் அளப்பார்கள். நீங்கள் அப்படி அளக்காதீர்கள். மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு என்று ஒரு வளவு இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்துகொண்டே போகும் இந்த மண்ணில், உங்கள் கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் தங்கச்சி வீட்டுக் குழி, அல்லது மதிலுக்கு அப்பால் இருக்கும் அயலவர் குழி. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் சுற்றியுள்ள எல்லாக் குழிகளுக்கும் நாடா பிடியுங்கள், மிகக் குறைந்த தூரத்தை எழுதுங்கள். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் உள்ள சிறிய வளவுகளில் 15 மீற்றரைக் காண்பதே அரிது. அது அந்தக் குடும்பங்களின் கவலையீனம் அல்ல, நிலமில்லாமை.

தண்ணீர் மாதிரியை ஆவணி, புரட்டாதி வறட்சியில் ஒருமுறையும் மார்கழி மாரியில் ஒருமுறையும் எடுங்கள். கிருமி பார்க்கக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும். அதை ஆய்வுகூடத்திடமே வாங்குங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணித்தியாலம் கடந்தால் அந்த மாதிரி பயன்படாது. பரிசோதனை நாளை ஆய்வுகூடத்தோடு முதலே பேசிவையுங்கள். காசு குறைவென்றால், மலக்கிருமி இருந்தால் கறுப்பாக மாறும் ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் சோதனையால் எல்லாக் கிணறுகளையும் பார்த்து, அதில் சந்தேகத்துக்குரியவற்றை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

கழிவிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பையும் கட்டாயம் பாருங்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் மேல்வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பது குறையும், உடல் நீலம் பாயும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அது இன்னும் செறியும். "கொதிச்சாறின தண்ணிதான் குடுக்கிறன்" என்று நிம்மதியாக இருக்கும் தாய்க்கு இதைச் சொல்லாமல் ஆய்வு முடிவை வைத்திருப்பது குற்றம். அப்படியொரு கிணறு அகப்பட்டால் அறிக்கைக்குக் காத்திராமல் அன்றைக்கே அந்த வீட்டுக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரோ பௌசர் தண்ணீரோ கிடைக்க வழிசெய்யுங்கள்.

டெங்குக்கு வருவோம். 2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கு மேற்பட்டவர்கள் பதிவானார்கள், கிழக்கு மாகாணமும் பலமாக அடிபட்டது. வீடுவீடாகக் குடம்பி (தண்ணீரில் வளரும் நுளம்புப் புழு) தேடும்போது இரண்டு கணக்கு எடுங்கள்: நூறு வீட்டுக்கு எத்தனை வீட்டில் குடம்பி, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் குடம்பி. 50 வீடு பார்த்து, 6 வீட்டில், 9 பாத்திரத்தில் இருந்தால், முதல் கணக்கு 12, இரண்டாவது 18. பரிசோதகர்கள் பயன்படுத்தும் கணக்கும் இதுவே, ஆகவே உங்கள் இலக்கம் அவர்களுக்கு உடனே விளங்கும். நுளம்பு முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் போதாது, உரசிக் கழுவவேண்டும்.

வீட்டு முற்றத்தோடு நின்றுவிடாதீர்கள். இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் நடந்த ஆய்வுகள் டெங்கு நுளம்பு உவர்த்தண்ணீரிலும் பெருகுவதைக் காட்டியிருக்கின்றன. கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய தோணி, கைவிட்ட கிணறு, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கும் வளவு, பாதியில் நின்ற அரச கட்டடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் போடுங்கள். தோணிகள் எங்கே கிடக்கின்றன என்று கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்டால் ஒரு மாலைக்குள் பட்டியல் வந்துவிடும். பல ஒழுங்கைகளில் வீட்டுக்காரருக்குத் தண்டப்பணம் விழுகிறது, பொது இடத்துத் தண்ணீருக்கு யாரும் பொறுப்பில்லை. இந்த வேறுபாட்டை இலக்கமாகக் காட்டுவது உங்கள் ஆய்வின் பெரிய பயன்.

படி 8: கணக்கைச் சேர்ந்து பாருங்கள்

தகவலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கணினியில் போட்டுவிட்டு முடிவோடு வராதீர்கள். வாசிகசாலை மேசையில் பெரிய தாளில் வரைபடத்தை விரித்து, சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி வைக்க ஊர்க்குழுவை விடுங்கள். ஏன் இந்த மூலை சிவப்பு என்ற விளக்கம் அந்த மேசையில்தான் பிறக்கும்.

சிறிய எண்களோடு கவனம். 8 வீட்டில் 2 வீடு என்பதை 25 வீதம் என்று எழுதினால் பெரிதாகத் தெரியும். 8 இல் 2 என்றே எழுதுங்கள். வீட்டுப் புள்ளியோடு நோயை வெளியே காட்டும் வரைபடத்தில் போடாதீர்கள். ஒரு ஒழுங்கையில் காசநோயாளி ஒருவர்தான் இருக்கிறார் என்றால், பெயர் எழுதாவிட்டாலும் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். கிணறு, குழி, வடிகான், குப்பை வீட்டுப் புள்ளியாக இருக்கலாம்; நோய் ஒழுங்கைத் தொகையாக மட்டும் இருக்கட்டும். அந்த வரைபடத்திலும் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், கிணறு பழுதென்று தெரிந்தால் வளவின் விலை குறையும் என்று பயப்பட அவர்களுக்கு உரிமை உண்டு.

படி 9: முதலில் ஒழுங்கைக்குச் சொல்லுங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கிணற்று முடிவைத் தனியாக, மூடிய கடித உறையில், என்ன செய்யலாம் என்ற இரண்டு வரியோடு கொடுங்கள். பிறகு எல்லாரையும் கூட்டிப் பொது முடிவைச் சொல்லுங்கள். நாளைப் பார்த்து வையுங்கள்: மாமாங்கேஸ்வரர் திருவிழா, வைகாசிக் கண்ணகை அம்மன் சடங்கு, நோன்பு காலம், பரீட்சைக் காலம் எல்லாவற்றையும் தவிர்த்து, கடலுக்குப் போகும் நேரமும் பார்த்து. மண்டபம் தேவையில்லை, ஒழுங்கை முகப்பில் பாய் விரித்தால் பின்வீட்டுப் பெண்களும் வருவார்கள். அங்கே யாராவது "இது பிழை" என்று சொன்னால் எழுதி, மறுநாள் போய்த் திரும்ப அளந்து பாருங்கள்.

படி 10: உரியவரிடம் கேளுங்கள்

நல்ல ஆய்வுகள் பல இந்த இடத்தில்தான் வீணாகின்றன: கோரிக்கை பிழையான மேசைக்குப் போகிறது. பிரதான வீதியோரத்து வடிகான் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. மாகாண வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு. ஒழுங்கையும் அதன் கானும் குப்பையும் மாநகர சபைக்கோ நகர, பிரதேச சபைக்கோ. குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. சிகிச்சை நிலைய நேரம் சுகாதார வைத்திய அதிகாரிக்கு. ஒரே அறிக்கையை எல்லாருக்கும் அனுப்பாமல், ஒவ்வொருவருக்கும் அவரால் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் ஒரு பக்கத்தில், வரைபடத் துண்டோடு கொடுங்கள். உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஆண்டிறுதியில் நிறைவேற்றுகின்றன. ஆவணி, புரட்டாதிக்குள் வட்டார உறுப்பினர் கையில் உங்கள் பக்கம் இருக்கவேண்டும். கொடுக்கப் போகும்போது ஒழுங்கைப் பெண்கள் பேசட்டும், ஆய்வாளர் பக்கத்தில் இருந்து இலக்கம் கேட்டால் மட்டும் பதில் சொல்லட்டும்.

கராச்சியின் ஒராங்கியில் 1980 இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய வேலை இந்தப் பங்கீட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 20 முதல் 40 வீடு கொண்ட ஒழுங்கைகள் தங்கள் ஒழுங்கைக் கழிவுக்கானைத் தங்கள் காசிலேயே போட்டன, பெரிய வாய்க்காலையும் சுத்திகரிப்பையும் அரசு செய்யவேண்டும் என்று கேட்டன. கேட்கும் பலம் ஒழுங்கை வரைபடங்களிலிருந்து வந்தது. இதை அப்படியே இங்கே கொண்டுவர நான் சொல்லமாட்டேன். வரி கட்டுகிறவர்களின் தலையில் கானையும் கட்டச் சொல்வது நீதியாகாது. ஆனால் எது நம் கையில், எது அவர்கள் கையில் என்று கோடு போட்டுக் கேட்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

படி 11: திரும்ப அளவுங்கள்

அடுத்த மாரியில் அதே கிணறு, அதே மதகு, அதே பாத்திரக் கணக்கு. இந்த முறை பல்கலைக்கழகத்தார் இல்லாமலே ஊர்க்குழு செய்யக்கூடியதாக இருக்கவேண்டும், முதல் சுற்றிலேயே அதற்குப் பழக்கியிருக்கவேண்டும். அளவு நாடா, சோதனைப் போத்தல்கள், வரைபடத்தின் மூலப்பிரதி, பதிவுக் கொப்பி எல்லாம் மாதர் சங்க அலுமாரியில் இருக்கட்டும். பல்கலைக்கழகம் பிரதியை வைத்துக்கொள்ளலாம். கொப்பியின் முதல் பக்கத்தில், சபை எந்தத் திகதிக்குள் எதைச் செய்வதாகச் சொன்னது, யார் சொன்னார், எந்தக் கூட்டத்தில் என்று எழுதுங்கள். செய்து முடித்ததற்கு எதிரே திகதி போடுங்கள். செய்யாததற்கு எதிரே, மறுபடி கேட்கப் போகும் நாளையும் போகவேண்டிய இருவரின் பெயரையும் எழுதுங்கள்.